தனியாள் வள்ளப் பயணம்

தனியாள் வள்ளப் பயணம் என்பது, ஒருவர் துணையின்றித் தாமே துடுப்பு வலித்து, ஆறு, ஏரி, கழி முதலிய நீர்வழிகளில் மேற்கொள்ளும் இயற்கைப் பயணம் ஆகும். பெரும்பாலும் மக்கள் குடியிருப்பு இல்லாத பகுதிகளில், உணவு, கூடாரம் ஆகியவற்றை வள்ளத்திலேயே ஏற்றிக்கொண்டு, ஒரு நாள் முதல் பல வாரங்கள் வரை இது மேற்கொள்ளப்படுகின்றது. வட அமெரிக்காவில், குறிப்பாகக் கனடாவில், இது பரவலாகக் காணப்படும் வெளிப்புறச் செயற்பாடாகும். மீன் பிடிப்பதற்காக வள்ளத்தில் செல்வோர் உண்டு. எனினும், பயணத்தையே நோக்கமாகக் கொள்வது தனி வகையாகக் கருதப்படுகின்றது. இக்கட்டுரை அவ்வகையைப் பற்றியது.

பெயர்

வள்ளம் என்பது ஒடுங்கிய, இரு முனைகளும் கூரான, துடுப்பினால் செலுத்தப்படும் சிறு படகைக் குறிக்கும் தமிழ்ச் சொல். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கேரளத்திலும் இச்சொல் வழக்கில் உள்ளது. ஆங்கிலத்தில் வழங்கும் 'கேனோ' என்னும் சொல், கரிபியன் தீவுகளின் பழங்குடி மொழியிலிருந்து எசுப்பானிய மொழி வழியாக ஐரோப்பாவை அடைந்தது. வள்ளத்தில் செல்பவர் பயணத் திசையை நோக்கி அமர்ந்து, படகின் பக்கத்தில் பிணைக்கப்படாத துடுப்பைக் கையில் ஏந்தி வலிப்பார். பின்னோக்கி அமர்ந்து தண்டு வலிக்கும் படகிலிருந்து இது இவ்வகையில் வேறுபடுகின்றது. வள்ளத்தின் முன்பகுதியை மீனவர் அணியம் என்பர்.

வரலாறு

வட அமெரிக்கப் பழங்குடியினர் பூர்ச்ச மரப்பட்டையால் செய்த இலேசான வள்ளங்களைப் பயன்படுத்தினர். ஆறுகளும் ஏரிகளுமே அவர்களது சாலைகளாக இருந்தன. பின்னர் பிரெஞ்சு, ஆங்கிலேய மென்மயிர்த் தோல் வணிகர்கள் அதே வள்ளங்களையும் வழித்தடங்களையும் கைக்கொண்டனர்.

பொழுதுபோக்கிற்கான தனிப்பயணத்தைப் புகழ்பெறச் செய்தவர் இலண்டன் வழக்கறிஞரான ஜான் மெக்ரிகோர் ஆவார். இவர் 1865ஆம் ஆண்டில் 'ராப் ராய்' எனப் பெயரிட்ட சிறு வள்ளத்தில் ரைன், தன்யூபு உள்ளிட்ட ஐரோப்பிய ஆறுகளில் தனியே பயணம் செய்தார். 1866இல் வெளிவந்த இவரது பயணநூல் பலரை இத்துறைக்கு ஈர்த்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் வள்ளக் கழகம் ஒன்றும் தோற்றுவிக்கப்பட்டது.

அமெரிக்காவில் 'நெஸ்மக்' என்ற புனைபெயரில் எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் சியர்ஸ், 1883இல் தமது 61ஆம் அகவையில், நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் ஏரிகளில் ஏறத்தாழ 266 மைல் தனியே பயணம் செய்தார். உடல்நலம் குன்றியிருந்த இவருக்காகக் கட்டப்பட்ட 'சேரி கேம்ப்' என்னும் வள்ளத்தின் எடை பத்தரை இறாத்தல், அதாவது 5 கிலோகிராமிற்கும் குறைவு. வள்ளத்தையும் சுமையையும் ஒருவரே தூக்க வேண்டியிருப்பதால், எடையே தனிப்பயணத்தின் அடிப்படைச் சிக்கல் என்பதை இப்பயணம் தெளிவாக்கியது.

இருபதாம் நூற்றாண்டில் கனடியத் திரைப்பட இயக்குநர் பில் மேசன் (1929–1988) தமது ஆவணப்படங்கள் மூலமும், 1980இல் வெளியிட்ட கையேட்டின் மூலமும் தனியாள் துடுப்பு முறைகளை விளக்கினார். 1984இல் வெளிவந்த இவரது 'வாட்டர்வாக்கர்' என்னும் படம் சுப்பீரியர் ஏரிப் பகுதியில் இவர் தனியே செய்த பயணத்தை அடிப்படையாகக் கொண்டது.

இன்று கனடாவின் அல்கொன்குயின் பூங்காவில் 2,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வள்ள வழித்தடங்கள் உள்ளன. அமெரிக்காவின் மினசோட்டா மாநில எல்லை ஏரிப் பகுதியும் இத்தகையதே.

மீன்பிடிப்பு நோக்கமில்லாத பயணம்

மீன் பிடிக்கச் செல்பவர் மீன் கிடைக்கும் நீர்நிலையையும் நேரத்தையும் சார்ந்திருப்பார். பயணத்தையே நோக்கமாகக் கொண்டவர் வழியையும் தொலைவையும் தம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம். இதனால் விளையும் முதன்மையான வேறுபாடுகள் பின்வருமாறு:

* உணவு முழுவதையும் எடுத்துச் செல்ல வேண்டும். பிடிக்கும் மீனை நம்பித் திட்டமிட இயலாது. உலர் உணவாயின் நாளொன்றுக்கு முக்கால் கிலோகிராம் அளவு தேவைப்படும்.
* தூண்டில், இரை, மீனைத் துப்புரவு செய்யும் கருவிகள் ஆகியவற்றின் சுமை இல்லை.
* கரடிகள் வாழும் காடுகளில் மீன் வாடை அவற்றை ஈர்க்கக்கூடும். மீன் இல்லாத முகாமில் இவ்விடர் குறைகின்றது. எனினும், உணவுப் பையைக் கூடாரத்திலிருந்து தொலைவில் வைத்தல் அவசியம்.
* மீன்பிடி உரிமம் தேவையில்லை. ஆனால் பூங்காவில் நுழையவும் முகாமிடவும் வேண்டிய அனுமதிகள் தேவை.

இவை தவிர, பாதுகாப்பு சார்ந்த ஒரு வேறுபாடும் உண்டு. மீன் பாடு இல்லாமல் திரும்புவது மீனவருக்கு இழப்பு. தனிப்பயணிக்கு அவ்வாறான இழப்பு ஏதும் இல்லை. காற்று மாறினால் எந்த இடத்திலிருந்தும் திரும்பிவிடலாம். எந்நிலையில் திரும்புவது என்பதைப் புறப்படும் முன்பே வரையறுத்துக்கொள்வது இப்பயண முறையின் முதல் விதியாகக் கொள்ளத்தக்கது.

வள்ளமும் சுமையும்

ஒருவருக்கான வள்ளம் பொதுவாக 4 முதல் 5 மீட்டர் வரை நீளமும், 15 முதல் 25 கிலோகிராம் வரை எடையும் கொண்டிருக்கும். இருவருக்கான வள்ளத்தில் ஒருவர் மட்டும் பின் இருக்கையில் அமர்ந்தால் அணியம் மேலெழும்பும். அவ்வாறு எழும்பிய பகுதியில் காற்று மோதி வள்ளத்தைத் திருப்பிவிடும். இதனைத் தவிர்க்கப் பயணி நடுப்பகுதிக்கு அருகில் அமர்வார், அல்லது சுமையை முன்பக்கம் வைத்து எடையைச் சமப்படுத்துவார். முழந்தாளிட்டு அமர்வதால் ஈர்ப்பு மையம் தாழ்ந்து வள்ளத்தின் உறுதிநிலை கூடுகின்றது.

துடுப்பு வலித்தல்

ஒரு பக்கத்தில் மட்டும் வலிக்கும்போது, விசை வள்ளத்தின் நடுக்கோட்டிலிருந்து விலகிச் செயற்படுவதால் முறுக்குவிசை தோன்றி, வள்ளம் எதிர்ப்பக்கம் திரும்புகின்றது. இருவர் செல்லும்போது இருபுறமும் வலித்து இதனைச் சமன்செய்வர். தனியாள் ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் துடுப்பின் அலகைத் திருப்பி, நீரைச் சற்று வெளிப்புறமாகத் தள்ளுவார். துடுப்பு செல்லும் பாதை ஆங்கில எழுத்தை ஒத்திருப்பதால் இது 'ஜே' வலிப்பு எனப்படுகின்றது.

ஒகேனக்கல், மேட்டூர் பகுதிகளில் பரிசல் ஓட்டுவோரும் இதே சிக்கலை வேறு வகையில் தீர்க்கின்றனர். வட்டமான பரிசலைப் பக்கவாட்டில் வலித்தால் அது சுழலும். ஆகவே அவர்கள் முன்புறமாகத் துடுப்பை இட்டு, நீரைத் தம்மை நோக்கி இழுத்துப் பரிசலை நகர்த்துகின்றனர்.

வள்ளத்தைச் சுமத்தல்

இரு நீர்நிலைகளுக்கு இடையிலும், அருவி, விரைவோட்டம் உள்ள இடங்களிலும் வள்ளத்தைத் தோளில் சுமந்து கடக்க வேண்டும். இதற்கு உலகெங்கும் வழங்கும் 'போர்ட்டேஜ்' என்ற சொல், சுமத்தல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. வள்ளத்தை ஒரு நடையிலும் பொதிகளை மறு நடையிலும் கொண்டுசெல்பவர், இடையில் ஒருமுறை வெறுங்கையுடன் திரும்பி வருவதால், 1 கிலோமீட்டர் வழிக்கு 3 கிலோமீட்டர் நடக்க நேரிடும். சுமையைக் குறைத்து ஒரே நடையில் கடப்பவர் இந்நடையில் மூன்றில் இரண்டு பங்கை மிச்சப்படுத்துகிறார்.

காற்றும் நீரோட்டமும்

தேங்கிய நீரில் ஒருவர் மணிக்கு 4 முதல் 5 கிலோமீட்டர் வரை வலிக்கலாம். காற்றின் வேகம் இருமடங்கானால் அது வள்ளத்தின் மீது செலுத்தும் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஆகவே, காலையில் எளிதாகத் தோன்றிய வழி பிற்பகலில் கடக்க இயலாததாக மாறக்கூடும்.

நீரோட்டத்தின் விளைவைப் பின்வரும் கணக்கு காட்டும். ஒருவரது வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர் எனவும், நீரோட்டம் மணிக்கு 2 கிலோமீட்டர் எனவும் கொள்வோம். ஓட்டத்துடன் 1 மணி நேரத்தில் அவர் 7 கிலோமீட்டர் செல்வார். ஓட்டம் மாறாதிருப்பின், திரும்பும்போது அவரது வேகம் மணிக்கு 3 கிலோமீட்டரே. அதே தொலைவிற்கு 2 மணி 20 நிமிடம் தேவைப்படும். இதனால் பயிற்சியாளர்கள், ஓட்டத்தை எதிர்த்துப் புறப்பட்டு ஓட்டத்துடன் திரும்புமாறு வழியை அமைக்கப் பரிந்துரைக்கின்றனர்.

ஆபத்துகளும் பாதுகாப்பும்

வள்ளம் கவிழ்ந்தால், கூட்டமாகச் செல்வோர் அதனை மற்றொரு வள்ளத்தின் மீது இழுத்து நீரை வடித்து மீட்பர். தனியாளுக்கு இவ்வழி இல்லை. எனவே அவர் ஏரியின் நடுவே குறுக்காகச் செல்லாமல், நீந்தி அடையக்கூடிய தொலைவில் கரையை ஒட்டிச் செல்ல வேண்டும். கவிழ்ந்த வள்ளம் பொதுவாக மிதக்கும். ஆகவே அதனை விடாது பற்றியிருத்தல் நன்று.

குளிர்ந்த நீரில் விழுந்தவருக்கு மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடமும், கைகால்களைப் பயனுள்ளவாறு இயக்க 10 நிமிடமும், உடல் வெப்பம் குறைந்து நினைவிழக்கும் முன் 1 மணி நேரமும் இருப்பதாகக் கொள்ளும் பொதுவிதி ஒன்று உண்டு. கைகள் செயலிழந்தபின் உயிர்காப்புச் சட்டையை அணிய இயலாது. புறப்படும்போதே அணிந்திருந்தால்தான் அது பயன்படும்.

தேர்ச்சி மட்டுமே பாதுகாப்பாகாது என்பதற்குக் கனடிய ஓவியர் டாம் தாம்சனின் இறப்பு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகின்றது. வள்ளம் செலுத்துவதில் பழக்கம் மிக்க இவர், 1917 சூலை 8 அன்று அல்கொன்குயின் பூங்காவின் கேனோ ஏரியில் தனியே சென்றார். கவிழ்ந்த வள்ளம் அன்றே காணப்பட்டது. உடல் சூலை 16 அன்றே கண்டெடுக்கப்பட்டது. தற்செயலாக நீரில் மூழ்கியதாக அப்போது முடிவு செய்யப்பட்டது. எனினும் உடன் எவரும் இல்லாததால், நிகழ்ந்தது என்ன என்பது பற்றிய விவாதம் பின்னரும் தொடர்ந்தது.

பயணி தமது வழி, முகாமிடும் இடங்கள், திரும்பும் நேரம் ஆகியவற்றை எழுதிக் கரையிலுள்ள ஒருவரிடம் தர வேண்டும். குறித்த நேரத்தில் திரும்பாவிடில் யாரை அழைப்பது என்பதும் அதில் இடம்பெற வேண்டும். இந்தியாவில் அவசர உதவிக்கு 112, கடலோரக் காவற்படைக்கு 1554 ஆகிய எண்கள் உள்ளன. வெளிநாடுகளில் தனிப்பயணிகள் செயற்கைக்கோள் கருவிகளை எடுத்துச் செல்வது வழக்கம். ஆனால் இந்தியாவில் செயற்கைக்கோள் தொலைபேசியை உரிய அனுமதியின்றிப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றமாகும்.

புதுச்சேரிப் பகுதி நீர்வழிகள்

புதுச்சேரியில் கனடாவைப் போன்ற ஆளரவமற்ற ஏரிக்காடுகள் இல்லை. எனினும் செஞ்சி ஆறு, வராக நதி என்றும் அழைக்கப்படும் சங்கராபரணி ஆறு, கடலை நெருங்கும்போது சுண்ணாம்பாறு, அரியாங்குப்பம் ஆறு எனக் கிளைத்துக் கழிகளை உருவாக்குகின்றது. முதலியார்பேட்டையை அடுத்துள்ள முருங்கப்பாக்கம், தேங்காய்த்திட்டு ஆகிய இடங்கள் அரியாங்குப்பம் ஆற்றை ஒட்டியுள்ளன. இங்கு அலையாத்தி மரங்கள் வளர்ந்துள்ளன. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்த, பண்டைய உரோமானிய வணிகத் தொடர்புடைய அரிக்கமேடும் இவ்வாற்றின் கரையிலேயே உள்ளது. சுண்ணாம்பாற்றில் நோணாங்குப்பத்தில் படகுக் குழாம் அமைந்துள்ளது.

கனடாவில் குளிர்நீர் முதன்மை ஆபத்து. இங்கு நிலைமை வேறானது:

* ஓதம்: ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே நீர்மட்ட வேறுபாடு 1 மீட்டருக்கும் குறைவு. ஆயினும், ஏறத்தாழ 6 மணி நேரத்திற்கு ஒருமுறை ஓட்டத்தின் திசை மாறுகின்றது. வற்றத்தின்போது ஓட்டம் முகத்துவாரத்தை நோக்கி இழுக்கும். ஆழம் குறைந்த இடங்களில் வள்ளம் சேற்றில் தங்கிவிடும்.
* காற்று: விடியற்காலையில் அமைதியாக இருக்கும் நீர்ப்பரப்பு, முற்பகலுக்குப் பின் கடற்காற்று வீசத் தொடங்கியதும் அலைவுறும்.
* வெயில்: கழி நீர் உப்பு நீர். நகரக் கழிவும் கலப்பதால் அதனைக் காய்ச்சியும் குடிக்க இயலாது. குடிநீர் முழுவதையும் எடுத்துச் செல்ல வேண்டும்.
* முகத்துவாரம்: தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தின் விசைப்படகுகளும் கடல் அலைகளும் உள்ள இப்பகுதி சிறு வள்ளங்களுக்கு உரியதன்று.
* பருவமழை: அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையால் வெள்ளமும் புயலும் ஏற்படுகின்றன. 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த பெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை பதிவாகிச் சங்கராபரணியில் வெள்ளம் பெருகியது.

புதுச்சேரிக்குத் தெற்கே, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையில் அமைந்த பிச்சாவரம் அலையாத்திக் காடு, எண்ணற்ற சிறு வாய்க்கால்களைக் கொண்டது. இது 2022இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. இங்கு சுற்றுலாப் பயணிகள் படகோட்டிகளுடன் அழைத்துச் செல்லப்படுகின்றனர். வனப்பகுதியாதலால் தனியே செல்ல வனத்துறையின் அனுமதி தேவை. ஒன்றுபோலத் தோன்றும் வாய்க்கால்களில் புதியவர் எளிதில் வழி தவறுவர். அலையாத்திக் காடுகளில் வளரும் தில்லை மரத்தின் பால் தோலில் கொப்புளங்களையும், கண்ணில் பட்டால் தற்காலிகப் பார்வையிழப்பையும் உண்டாக்கக்கூடியது. ஆகவே கிளைகளைப் பிடித்து வள்ளத்தை நிறுத்துவதைத் தவிர்க்க வேண்டும்.

இயற்கையும் பிறர் தொழிலும்

கழிகள் பலருக்கு வாழ்வாதாரம். மிதவைகள் தென்படும் இடத்தில் வலை இருக்கும். அதன்மேல் வள்ளத்தைச் செலுத்தாமல் சுற்றிச் செல்ல வேண்டும். தொழிலில் உள்ள படகுகளுக்கு வழிவிட வேண்டும். வற்றத்தின்போது வெளித்தெரியும் அலையாத்தி மூச்சுவேர்களின் மீது வள்ளத்தை ஏற்றினாலோ, அவற்றை மிதித்தாலோ மரம் பாதிப்புறும். சேற்றுத்திட்டுகளில் இரைதேடும் பறவைகளை நெருங்காது விலகிச் செல்லலும், கொண்டுசென்ற பொருள்கள் அனைத்தையும் குப்பை உட்படத் திரும்பக் கொண்டுவருதலும் உலகெங்கும் இயற்கைப் பயணிகள் பின்பற்றும் நெறிகளாகும்.