வேலையும் படிப்பும் ஒருங்கே: எங்கள் குழந்தைப் பணியாளர்கள்



எங்கள் குழந்தைகள் வார்டிலும் பகல்நேரக் காப்பகத்திலும் பணிபுரியும் சகோதரிகள் சிலர், வேலையை விடாமலே குழந்தை வளர்ச்சிப் படிப்பும் படித்து வருகிறார்கள். "பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அன்பு போதாதா? அதற்கொரு படிப்பு எதற்கு?" என்று சபையார் எங்களிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். இந்த இதழில் அதற்குப் பதில் சொல்ல விரும்புகிறோம்.

இரண்டு வயதுக் குழந்தை ஒன்று மருத்துவமனையில் தாயைப் பிரிந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் நாள் வீறிட்டு அழும். சில நாளில் அழுகை நின்றுவிடும். "பிள்ளை பழகிவிட்டது, சமத்தாக இருக்கிறது" என்று அனுபவசாலிகளே சொல்லுவார்கள். ஆனால் அந்தக் குழந்தை பழகியிராமல், தாய் வருவாள் என்ற நம்பிக்கையை இழந்து அடங்கிப்போயிருக்கலாம்.

இந்த உண்மையை உலகுக்கு எடுத்துக்காட்டியவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். அவர் மருத்துவர் அல்ல. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941-ல், லண்டனில் அன்னா பிராய்டு அம்மையார் நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் கொதிகலனைக் கவனிக்கும் வேலையில் சேர்ந்தவர். அங்கே எந்த வேலை செய்பவரானாலும், குழந்தைகளிடம் கண்டதைச் சிறு அட்டைகளில் எழுதித் தரவேண்டும். அவற்றை வைத்து எல்லாரும் கூடிப் பேசுவார்கள். அந்தப் பழக்கமே ராபர்ட்சனுக்குப் பள்ளிக்கூடமாயிற்று. பின்னர் முறையாகப் படித்து, 1948-ல் ஜான் போல்பி என்ற மனநல மருத்துவருடன் சேர்ந்தார். மருத்துவமனையில் எட்டு நாள் இருந்த இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படமெடுத்து 1952-ல் வெளியிட்டார். மருத்துவர்கள் பலர் முதலில் அதை ஏற்கவில்லை. ஆயினும் 1959-ல் பிரிட்டிஷ் அரசுக்கு அளிக்கப்பட்ட பிளாட் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்து பார்க்கவும், சிறு குழந்தைகளுடன் தாய் தங்கவும் வழிசெய்ய வேண்டுமென்று பரிந்துரைத்தது.

நம் நாட்டில் தாயோ பாட்டியோ கூடத் தங்குவது வழக்கம். ஆனாலும் தீவிர சிகிச்சைப் பிரிவிலும், தாயே நோயாளியாகப் படுத்திருக்கும்போதும் பிரிவு நேருகிறது. அப்போது அழாத குழந்தையையும் போய்ப் பார்க்கத் தெரிந்த ஒருவர் வார்டில் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொல்லலாம். "சாப்பிடாவிட்டால் ஊசி போடச் சொல்லிவிடுவேன்" என்று மிரட்டுவது நம் வீடுகளில் சாதாரணம். நான்கைந்து வயதுப் பிள்ளை, தான் செய்த குறும்புக்குத் தண்டனையாகவே நோய் வந்தது என்று எண்ணுவதுண்டு என்பது குழந்தை உளவியலில் நெடுங்காலமாக அறிந்த செய்தி. ஊசி அப்பிள்ளைக்கு வலி மட்டுமல்ல, குற்றத்தீர்ப்பும் ஆகிவிடுகிறது. இரவில் இதைப் படிக்கும் சகோதரி, மறுநாள் காலையில் தாய்மாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம். வேலையிலிருந்துகொண்டே படிப்பதன் பலன் இதுதான். படித்த பாடம் மறுநாளே பிள்ளையின் படுக்கையருகே சோதிக்கப்படுகிறது.

இதற்கு வழி என்ன? மனையியல் கல்லூரிகளில் குழந்தை வளர்ச்சிக்கான பட்டப்படிப்புகள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் பகல் நேரத்தில் நடப்பவை. வேலையை விட முடியாதவர்களுக்குத் தொலைநிலைக் கல்வியே துணை. 1985-ல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், குழந்தைப் பருவப் பராமரிப்பிலும் கல்வியிலும் ஒரு பட்டயப் படிப்பை நடத்துகிறது. பிளஸ் டூ முடித்திருந்தால் போதும். குழந்தைப் பராமரிப்பை அமைத்து நடத்துதல், உடல்நலமும் சத்துணவும், குழந்தைகளுக்கான சேவைகள் என மூன்று பாடங்கள். நான்காவதாக, குழந்தைகளோடு நேரில் செய்து எழுதித் தரவேண்டிய செயல்திட்டம். 2020-ம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், பிளஸ் டூ படித்த அங்கன்வாடிப் பணியாளருக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சியும், அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஓராண்டுப் பட்டயப் பயிற்சியும் அளிக்க வேண்டுமென்கிறது.

படிப்பு எளிதல்ல. அந்தப் பட்டயத்துக்கு 32 மதிப்பலகுகள். ஒவ்வொன்றுக்கும் 30 மணி நேரப் படிப்பு. மொத்தம் 960 மணி நேரம். ஓராண்டில் முடிப்பதானால் தினமும் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஷிப்டு முடித்து, வீட்டில் சமைத்து, சொந்தப் பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகுதான் அந்த நேரம் கிடைக்கிறது. இரண்டாண்டாக நீட்டிக்கொண்டால் பாரம் பாதியாகும்.

"படித்து முடித்ததும் வேறிடம் போய்விட்டால்?" என்றும் சிலர் கேட்கிறார்கள். போகலாம். போன இடத்திலும் பிள்ளைகள் இருப்பார்களே!

பாடப்புத்தகமும் கட்டணமும் தேவைதான். அவற்றைவிட அரிதானது நேரம். ஜூனிலும் டிசம்பரிலும் வரும் தேர்வுகளுக்கு ஷிப்டை மாற்றிக்கொடுக்கவும், பதிலாள் ஒருவரை அமர்த்தவும் உங்கள் காணிக்கைகள் எங்களுக்கு உதவுகின்றன. உங்கள் சபையின் பாலர் பள்ளியிலும் இப்படிப் படிக்க விரும்பும் சகோதரி ஒருவர் இருக்கக்கூடும். அவரிடம் கேட்டுப் பாருங்கள். வாரத்தில் இரண்டு மாலைப்பொழுது அவருடைய வேலையை வேறொருவர் ஏற்றுக்கொண்டாலே அது பெரிய உதவியாகும்.