பால் கொடுக்கும் தாய்க்குப் பேதி மருந்து ஆகுமா?

பிள்ளை பெற்று லயத்து வீட்டுக்குத் திரும்பிய பெண்ணிடம், பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் பால் சுரக்கிறதா என்று விசாரிப்பார்கள். நாலைந்து நாளாக வெளிக்குப் போக முடியாமல் அவள் படும் பாட்டைக் கேட்பவர்கள் குறைவு. அவளும் கூச்சத்தில் சொல்லமாட்டாள். ரம்புக்கனைப் பக்கத்து இறப்பர்த் தோட்டங்களில் இதற்கான காரணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. தையல் போட்ட இடம் வலிக்குமென்று அடக்கிக்கொள்வார்கள். கிளினிக்கில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தை இறுக்கும். பத்தியம் என்று சொல்லிக் கீரை, பழத்தோடு தண்ணீரையும் குறைத்துவிடும் வீடுகள் இன்னும் உண்டு. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் பிள்ளைக்காக நாளொன்றுக்கு முக்கால் லீற்றர் அளவு பால் சுரக்கிறது. அந்த நீரெல்லாம் தாயின் உடம்பிலிருந்துதான் போகிறது.

மருந்து குடித்தால் பாலில் இறங்கிப் பிள்ளைக்கு வயிற்றால் போகும் என்ற பயம் வேறு. அதனால் ஒருத்தி வாய்மூடிப் பொறுத்துக்கொள்கிறாள். இன்னொருத்தி மருந்து குடித்த நாளில் பிள்ளைக்குப் புட்டிப்பால் கொடுக்கிறாள். இரண்டும் தேவையில்லாதவை.

ஒரு மருந்து பாலில் கலக்க வேண்டுமானால் முதலில் தாயின் இரத்தத்துக்குள் போக வேண்டும். மலமிளக்கிகளில் பல, குடலுக்குள்ளேயே வேலையை முடித்துவிடுகின்றன. இசப்கோல் வெறும் உமிதான். தண்ணீரை உறிஞ்சி ஊதி, மலத்தை மென்மையாக்கும். ஒரு கிளாஸ் தண்ணீர் சேர்த்துக் குடிக்காவிட்டால் அதுவே அடைத்துக்கொள்ளும். லக்டுலோஸ் பாணி நம் குடலால் செரிக்க முடியாத ஒரு சர்க்கரை. பெருங்குடல் வரை அப்படியே போய், அங்குள்ள பக்டீரியாக்களால் உடைபட்டு, நீரை இழுத்து வைக்கும். பலன் தெரிய ஓரிரு நாள் ஆகும். காலையில் குடித்துவிட்டு மாலையில் 'கேட்கவில்லை' என்று விட்டுவிடக் கூடாது. பால் கொடுக்கும் தாய் முதலில் நாட வேண்டியவை இவைதான்.

இவை போதாதபோது குடலைத் தூண்டும் மருந்துகள் வருகின்றன. அவற்றில் நமக்கு உறவுமுறை உள்ள ஒன்று நிலாவரை. உலக மருந்துச் சந்தையில் அதற்குத் 'திருநெல்வேலி சென்னா' என்றே பெயர். தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் புறப்பட்டு வந்த அதே தென்தமிழகச் சீமையில் விளையும் இலை அது. அதன் சத்தைப் பெருங்குடல் பக்டீரியாக்கள் மாற்றிய பிறகுதான் குடல் அசையும். அதனால்தான் இரவில் குடித்தால் காலையில் பலன் தருகிறது. 1988இல் வெளியான ஓர் ஆய்வில், பால் கொடுக்கும் 20 தாய்மாருக்கு மூன்று நாட்கள் அளவான சென்னா கொடுத்துப் பார்த்தார்கள். பாலில் வந்தது மிகச் சொற்பம். பிள்ளைகளின் மலத்தில் மாற்றமில்லை. பிசகோடைல் மாத்திரையை 2011இல் இவ்வாறு சோதித்தபோது, அதன் செயல்படும் பொருள் பாலில் தென்படவே இல்லை.

ஆனால் இந்த நற்சான்று, அளந்து செய்த மாத்திரைக்குத்தான். நாட்டு மருந்துக் கடைச் சூரணத்தில் எந்த இலை எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. விளக்கெண்ணெயை நான் வேண்டாம் என்றே சொல்வேன். அது வயிற்றை முறுக்கி நீராகக் கொட்ட வைக்கும். பிரசவத்தில் இரத்தம் இழந்து, பாலுக்கும் நீர் கொடுத்துக்கொண்டிருக்கும் உடம்பு அதைத் தாங்காது. பரபின் எண்ணெயை நாட்கணக்கில் குடித்தால் ஏ, டி போன்ற விட்டமின்கள் உடம்பில் சேர்வது குறையும்.

பிள்ளையின் மலத்தைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை மஞ்சளாக, இளக்கமாக, நாளுக்குப் பல தடவை போவது இயல்பு. திடீரென்று வழக்கத்தைவிட நீராகப் போனாலோ, பிள்ளை சோர்ந்தாலோ மருந்தை நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

மருந்தால் மட்டும் தீராத பகுதியும் உண்டு. பிரசவ விடுமுறை முடிந்ததும் தாய் பிள்ளைக் காம்பராவில் குழந்தையை விட்டுவிட்டு மலைக்குப் போகிறாள். குளிர்ந்த காலை நேரத்தில்தான் இறப்பர் மரத்தில் பால் நன்றாக வடியும் என்பதால் வெட்டு விடியலிலேயே தொடங்கும். எழுந்து ஏதாவது சாப்பிட்ட அந்த நேரத்தில்தான் பெருங்குடலும் இயல்பாக அசைகிறது. அந்த உந்துதலை மரத்தடியில் அடக்கினால் நாளடைவில் அதுவும் மங்கிவிடும். மலையில் மலசலகூடம் இல்லையென்று தண்ணீரையே குடிக்காமல் இருக்கும் பெண்ணுக்கு எந்தப் பாணியும் நிரந்தரமாக உதவாது. ஒரு மலசலகூடமும் குடிதண்ணீரும் வைப்பது தோட்ட நிர்வாகத்தால் முடியாத காரியமா?

மலத்தில் இரத்தம், வாந்தி, காய்ச்சல், வயிறு வீங்கிக் காற்றும் பிரியாமல் இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் மருந்து தேடாமல் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மற்றபடி, மிட்வைப் மிஸ் வீட்டுக்கு வரும்போது பிள்ளையின் நிறையைப் பற்றிப் பேசுவதோடு நிறுத்தாமல், உங்கள் வயிற்றைப் பற்றியும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். இரும்பு மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். பாலையும் நிறுத்த வேண்டாம்.