கொன்னலா? குழந்தையைக் கோபிக்காதீர்கள்!

திண்டுக்கல்லிலிருந்து திருச்சி போகிற சாலையில் அய்யலூர். வியாழக்கிழமை என்றால் அங்கே ஆட்டுச் சந்தை. உறவினர் வீட்டுக்குப் போயிருந்த நான், வேடிக்கை பார்க்கக் கிளம்பினேன். கிடாய் விற்க வந்திருந்த ஒரு தாயும் அவளுடைய ஆறு வயது மகனும் கண்ணில் பட்டார்கள். விலை கேட்டவரிடம் பையன், "ஏ... ஏ... ஏ..." என்று திணறினான். பக்கத்தில் நின்ற பெரியவர், "அடேய் கொன்னவாயா! பொழுது சாயறதுக்குள்ள சொல்லிருவியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பையன் வாயை மூடிக்கொண்டான்.

கொன்னல்! என் அப்பத்தா வாயில் கேட்ட சொல். தெற்றுவாய் என்றும் சொல்வார்கள். இப்போது திக்குவாய்தான் மிச்சம். ஆங்கிலத்திலும் 'மாஃபிள்' என்றொரு பழைய சொல் இருந்தது. இன்று அகராதியைப் புரட்டினால்தான் அகப்படும். தெலுங்கில் நத்தி, மலையாளத்தில் விக்கு (நமக்கு விக்கல் வேறு சமாசாரம்!). சொற்கள் வரும், போகும். ஆனால் காய்ச்சல்காரனை யாராவது "ஏ காய்ச்சலா, இங்கே வா" என்று கூப்பிடுகிறோமா? இந்த ஒரு குறைக்கு மட்டும் ஏன் அதையே பெயராக வைத்து விடுகிறோம்?

"வசம்பு சுட்டு நாக்குல தேச்சேன்க்கா. கூழாங்கல்லை வாயில போட்டுப் பேசச் சொன்னேன். நான் கிரகணத்துல வெளிய போனதுதான் காரணம்னு மாமியா சொல்றாங்க" என்று கண்ணைத் துடைத்துக் கொண்டாள் அந்தத் தாய்.

பாவம்! அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. கிரகணமும் காரணமில்லை, நாக்குத் தடிப்பும் காரணமில்லை. மூளை பேச்சை ஒழுங்குபடுத்தும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு இது. பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தலைகாட்டும். குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் வரும் வாய்ப்பு அதிகம். பெண்களைவிட ஆண்களிடம் அதிகம். பல குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும். வசம்பை உள்ளுக்குக் கொடுப்பது கைக்குழந்தைக்கு ஆபத்து. கூழாங்கல் கிரேக்கத்து டெமாஸ்தனீஸ் கதையோடு இருக்கட்டும்; நம் பிள்ளைக்குத் தொண்டையில் சிக்கினால் என்ன செய்வது?

வீட்டில் செய்ய வேண்டியது வேறு. "மெதுவாப் பேசு, மூச்சை இழு" என்று அதட்டாதீர்கள். அவன் சொல்ல வந்ததை நீங்கள் முந்திக்கொண்டு முடிக்காதீர்கள். நீங்கள் நிதானமாகப் பேசுங்கள், அவனும் நிதானப்படுவான். அடுப்பில் பால் பொங்கினாலும் சரி (இது கொஞ்சம் கஷ்டம்தான்!), அவன் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, பேசவே பயந்து ஒதுங்கினாலோ பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரிக்கலாம். மைசூரில் இதற்கென்றே அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இருக்கிறது. பெரியவனான பிறகும் திக்கல் முழுக்கப் போகாமல் இருக்கலாம். போகாவிட்டால் என்ன? 1957-ல் கேரளத்தின் முதல் முதலமைச்சரான இ.எம்.எஸ். நம்பூதிரிபாடுக்குத் திக்கல் உண்டு. இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜுக்கும் உண்டு.

நாங்கள் பேசிக் கொண்டிருக்கையில் பையன் கிடாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "பயப்படாதடா, தண்ணி குடிக்கிறியா?" என்றான். ஒரு இடத்திலும் தடங்கல் இல்லை! தாய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆட்டிடமும், பாட்டுப் பாடும்போதும், தனியாக இருக்கும்போதும் பலருக்குத் திக்காது என்றேன். கேலி செய்ய ஆடு ஆள் இல்லையே!

நான் குனிந்து, "தம்பி, கிடாய் என்ன விலை?" என்று கேட்டேன். தாய் வாயெடுத்தாள், கையைப் பிடித்து நிறுத்தினேன். இரண்டு மூன்று முறை முட்டி மோதி, "ஏ... ஏழாயிரத்து ஐந்நூறு" என்றான். எனக்குக் கட்டுப்படியாகாத விலை. அதையும் அவனிடமே சொன்னேன். "அ... அப்ப ஏழாயிரம்" என்றான்.