காற்று திருடும் அரை விநாடி

ஆயிரம் கெஜம் என்பது 914 மீட்டர். அவ்வளவு தூரத்தில் நிற்கும் பலகையில், 25 செ.மீ. குறுக்களவுள்ள வட்டத்துக்குள் குண்டு விழுந்தால்தான் எஃப்-கிளாஸ் போட்டியில் முழுதாகப் 10 மதிப்பெண். அதற்கும் உள்ளே 13 செ.மீ. வட்டம் ஒன்று உண்டு. சமமாக நிற்பவர்களைப் பிரிப்பது அதுதான். இப்படியொரு போட்டிக்குத் தனியாக ரைபிள் செய்து தரச் சொல்லி அமெரிக்காவில் ஒரு துப்பாக்கிக் கொல்லரிடம் போனால், அவர் இரண்டு கேள்விகளை முதலில் கேட்பார். எந்தத் தோட்டா? எந்த ஆக்‌ஷன்? மற்றதெல்லாம் பிறகுதான்.

இருப்பதிலேயே வேகமான தோட்டாவை எடுத்தால் வேலை முடிந்ததே என்று தோன்றும். அப்படி நினைப்பவருக்கு .22 என்னும் சின்னஞ்சிறு தோட்டா ஒரு பாடம் வைத்திருக்கிறது. அதில் வேகரகம் விநாடிக்கு 380 மீட்டரில் கிளம்பும். போட்டிரகம் 320 மீட்டரை ஒட்டிய வேகத்தில்தான் கிளம்பும். 100 மீட்டர் தூரத்தில் பக்கக் காற்று எதை அதிகம் விலக்கும்? வேகமாகப் போனதைத்தான்.

குண்டு எவ்வளவு நேரம் பறந்தது என்பதைக் காற்று பார்ப்பதில்லை. எவ்வளவு தாமதமானது என்பதைத்தான் பார்க்கிறது. காற்றே இல்லாத வெற்றிடத்தில் இலக்கை அடைய ஆகும் நேரம் ஒன்று. நிஜத்தில் ஆகும் நேரம் இன்னொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால், குண்டு எவ்வளவு விலகும் என்ற கணக்கு கிடைத்துவிடும். ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். அதைத் தாண்டிக் கிளம்பும் .22 குண்டு, ஒலிவேகத்தை ஒட்டிய பகுதியில் காற்றின் எதிர்ப்பு திடீரென எகிறுவதால், கிடைத்த வேகத்தைச் சீக்கிரமே தொலைத்துவிடுகிறது. மெதுவான குண்டு ஒலிவேகத்தை எட்டுவதே இல்லை.

பக்கக் காற்று குண்டின் விலாவில் கைவைத்துத் தள்ளுகிறது என்று நாம் கற்பனை செய்துகொள்வதும் சரியல்ல. சுழன்றபடி போகும் குண்டு, தன்மேல் வந்து மோதும் காற்றை நோக்கி மூக்கை இம்மியளவு திருப்பிக்கொள்கிறது. பின்னுக்கு இழுக்கும் விசை அதனால் சற்றே சாய்ந்து இழுக்கிறது. இழுப்பே இல்லாவிட்டால் விலகலும் இல்லை.

இந்தக் கணக்கை .308 வின்செஸ்டருக்குப் போட்டுப் பார்ப்போம். 1952-இல் வந்த, பேர்பெற்ற தோட்டா. 175 கிரெயின் எடையுள்ள குண்டு விநாடிக்கு 790 மீட்டரில் கிளம்பி, ஆயிரம் கெஜத்தைக் கடக்கச் சுமார் 1.7 விநாடி எடுக்கிறது. வேகம் குறையாமல் போயிருந்தால் 1.16 விநாடி போதும். தாமதம் அரை விநாடிக்குச் சற்று மேல். விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பக்கக் காற்று அடித்தால் குண்டு 2 மீட்டருக்கும் அதிகமாக விலகும். இதே கணக்கில் 6.5 கிரீட்மூர் என்ற தோட்டாவின் 140 கிரெயின் குண்டு சுமார் ஒன்றரை மீட்டர்தான் விலகும். இத்தனைக்கும் அது கிளம்பும் வேகம் பெரிதாக ஒன்றும் கூடுதல் இல்லை: விநாடிக்கு 825 மீட்டர். ஒல்லியாக, நீளமாக, வால்புறம் குறுகிய உடம்பு. காற்றுக்குக் கொடுக்கும் வரி குறைவு, அவ்வளவுதான்.

புவியீர்ப்பு குண்டை இதைவிட எவ்வளவோ அதிகமாகக் கீழே இழுக்கிறது. நூறு கெஜத்துக்குச் சரிபார்த்த கிரீட்மூர், ஆயிரம் கெஜத்தில் சுமார் 8 மீட்டர் தாழ்ந்து விழும்; .308 பத்து மீட்டரையும் தாண்டும். ஆனால் புவியீர்ப்பு நாணயமானது. இன்றைக்கும் நாளைக்கும் ஒரே அளவுதான் இழுக்கும். தொலைநோக்கியின் திருகைத் திருப்பிச் சரிக்கட்டிவிடலாம். குண்டு விநாடிக்கு 4,000 தடவை சுழல்வதால் வலப்பக்கம் ஒரு சாண் அளவுக்கு ஒதுங்குவதும் அப்படித்தான். காற்று மட்டும் மூன்று நிமிடத்துக்கொரு தரம் மனசு மாறும். விலகல் குறைவான தோட்டாவை எடுத்துக்கொண்டவர், காற்றைத் தப்பாகக் கணித்தாலும் குறைவாகவே தவறுவார்.

கிரீட்மூரை 2007-இல் ஹார்னடி நிறுவனம் வெளியிட்டது. நிறுவனத்தில் குண்டுகளின் பாய்ச்சலை ஆராயும் நிபுணர் டேவ் எமரியும் போட்டி வீரர் டென்னிஸ் டிமில்லும் சேர்ந்து உருவாக்கியது. 6.5 மி.மீ. குண்டின் மகிமை அதற்கு நூறாண்டுக்கு முன்பே சுவீடனுக்குத் தெரியும். இவர்கள் செய்தது வேறு: பித்தளைக் கூட்டைக் குட்டையாக்கினார்கள். கூடு குட்டையானதால், நீளமான குண்டைச் செருகிய பிறகும் தோட்டா வழக்கமான மேகசினுக்குள் அடங்கியது. குண்டின் அடிப்பாகம் மருந்தின் இடத்தையும் அடைத்துக்கொள்ளவில்லை.

பேருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. நியூயார்க்கின் லாங் ஐலண்டில் இருந்த கிரீட்மூர் சுடுகளத்தில் 1874-இல் அயர்லாந்தும் அமெரிக்காவும் மோதின. 800, 900, 1000 கெஜம். அமெரிக்கா 934, அயர்லாந்து 931. ஐரிஷ் வீரர் ஒருவர் நடுப்புள்ளியில் அழகாக ஒன்று வைத்தார், ஆனால் அடுத்தவர் பலகையில். 4 மதிப்பெண் போயிற்று. எந்தத் தோட்டாவாலும் தீராத குறை இது.

இனி ஆக்‌ஷன். தோட்டாவை உள்ளே தள்ளி, பூட்டி, வெடிக்கவைத்து, வெற்றுக்கூட்டை வெளியே எடுக்கும் எஃகுப் பெட்டி. உள்ளே ஓடும் போல்ட், கதவின் தாழ்ப்பாள் போலவே முன்னால் தள்ளித் திருப்பிப் பூட்டும் உருளை. கிரீட்மூருக்கு அனுமதித்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. அந்தக் கணத்தில் போல்ட்டின் முகத்தில் விழும் பாரம் மூன்று டன்னுக்கும் மேல். அதைத் தாங்குபவை போல்ட்டின் முனையிலுள்ள இரண்டே இரண்டு காதுகள். ஒரு காது நன்றாகப் பதிந்து மற்றது மயிரிழை தள்ளி நின்றால், வெடிக்கும்போது ஆக்‌ஷன் ஒருபக்கமாக வளையும். வளைவது கண்ணுக்குத் தெரியாது, பலகையில் தெரியும். தனியாகச் செய்யும் ஆக்‌ஷன்களுக்கு அவ்வளவு விலை கொடுப்பது இரண்டு காதுகளும் ஒரேபோல் பதியவும், குழலும் போல்ட்டும் ஒரே அச்சில் நிற்கவும்தான். அழகுக்காக வாங்குபவர்களும் உண்டு. அது வேறு விஷயம்.

பெரும்பாலான தனி ஆக்‌ஷன்கள் 1962-இல் வந்த ரெமிங்டன் 700-இன் வெளி அளவுகளையே பின்பற்றுகின்றன. அந்த அளவுக்கென்று கட்டையும் விசையும் தொலைநோக்கித் தாங்கியும் கடைகளில் குவிந்து கிடப்பதே காரணம். மேகசினே வேண்டாம் என்பவர்கள் அடியில் துளையிடாத, ஒற்றைத் தோட்டா ஆக்‌ஷனை எடுப்பார்கள். துளை இல்லாத எஃகு விறைப்பு கூடியது.

தோட்டாவும் ஆக்‌ஷனும் சந்திக்கும் இடம் போல்ட்டின் முகம். கிரீட்மூர் கூட்டின் விளிம்பு 12 மி.மீ. .308-க்கும் அதே 12. இந்த அளவு 1880-களின் இறுதியில் வந்த ஜெர்மானிய ராணுவத் தோட்டாவிலிருந்து வழிவழியாக வருவது. மாக்னம் வகைகளுக்கு 13.5 மி.மீ. வேண்டும். குறுந்தூரத் துல்லியத்துக்குப் புகழ்பெற்ற 6 மி.மீ. பி.பி.சி.க்கு 12-ஐவிடச் சிறிய முகம் வேண்டும். ஆகவே போல்ட்டை வாங்கும்போதே எந்தக் குடும்பத்துத் தோட்டா என்று முடிவாகிவிடுகிறது.

பெரிய குடும்பத்துக்கே போய்விடலாமே? காற்றில் விலகல் இன்னும் குறையும்தான். தோளில் விழும் உதை கூடும்; குழலும் சீக்கிரம் சாகும். எரியும் மருந்தின் வெப்பம் எஃகு உருகும் வெப்பத்தைத் தாண்டியது. ஒவ்வொரு சூட்டிலும் குழலின் தொண்டையை அது கொஞ்சம் அரிக்கிறது. போட்டித் துல்லியத்தோடு கிரீட்மூர் குழல் 2,000 முதல் 3,000 சூடுவரை தாங்கும். ஒரு குண்டு குழலுக்குள் இருக்கும் நேரம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். கூட்டிப் பாருங்கள்: பல ஆண்டுகள் உழைக்கும் ஒரு குழல், உண்மையில் வேலை செய்தது சுமார் மூன்று விநாடி.

தேர்ந்த வீரர்கள் குழலை மிதிவண்டி டயர் மாதிரிச் செலவுப் பொருளாகவே கணக்கில் வைக்கிறார்கள். ஒரே ஆக்‌ஷன் ஐந்தாறு குழல்களைப் பார்த்துவிடும். தேய்ந்ததைக் கழற்றும்போது திரும்பவும் கிரீட்மூரே போட வேண்டும் என்றில்லை, 12 மி.மீ. முகம் இருக்கும்வரை .308 குழலோ, அதே விளிம்புள்ள 6 மி.மீ. தோட்டாவின் குழலோ அதே ஆக்‌ஷனில் ஏறும். முதல்முறை தோட்டாவைத் தேர்ந்தெடுக்கத் தயங்குபவரிடம் கொல்லர்கள் சொல்வதும் இதைத்தான்: காசை ஆக்‌ஷனில் போடு, தோட்டாவை அடுத்த குழலில் மாற்றிக்கொள்ளலாம்.