நம் வீட்டு மணி எப்படிக் கற்கிறது?

தெருவில் திரிந்துகொண்டிருந்த நாய் ஒன்று ஒரு குடும்பத்தில் வந்து சேர்ந்தால், முதல் மாதம் அந்த வீடு படும் பாடு நாய் வளர்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். வாசலில் கழற்றிவிட்ட செருப்பில் ஒன்று கொல்லையில் கிடக்கும். கொடியில் உலர்ந்த துண்டு கிணற்றடியில் மண்ணோடு மண்ணாக இருக்கும். வெளியிலிருந்து யார் வந்தாலும் நாய் பின்னங்கால்களில் எழுந்து, முன்னங்கால்களை அவர் மார்பில் ஊன்றி, முகத்தை நக்கிவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும்.

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கிய நாய்க்கு வயது ஒன்று இருக்கலாம் என்றார் கால்நடை மருத்துவர். எடை 15 கிலோ. 'மணி' என்று பெயர் வைத்தவர் என் தாயார். அவருக்கு வயது 74. ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சைக்குப் பின் கைத்தடி ஊன்றி நடப்பவர். மணி அவர்மீது ஒரே ஒருமுறை பாய்ந்தால் போதும், பழைய கதை மீண்டும் தொடங்கிவிடும். ஆகவே மூன்றாவது வாரத்தில், நாயைத் திரும்பத் தெருவிலேயே விட்டுவிடலாம் என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. ஆனால் தெரு என்பது நாய்களுக்குப் பொதுச்சொத்து அன்று. ஒவ்வொரு தெருவையும் ஒரு நாய்க்கூட்டம் தன் எல்லையாக வைத்துக் காக்கிறது. சில வாரங்கள் வீட்டில் இருந்துவிட்டு வரும் நாயை அந்தக் கூட்டம் எளிதில் சேர்த்துக்கொள்ளாது. எனவே மணி பாய்வதை நிறுத்த முடியுமா என்பது எங்களுக்குச் சிறிய கேள்வியாக இல்லை.

'சொன்ன பேச்சைக் கேட்காத நாய்' என்று திட்டுவது எளிது. அறிவியல் வேறு விதமாகக் கேட்கிறது. இந்தச் செயலைச் செய்தால் நாய்க்கு என்ன கிடைக்கிறது?

இரண்டு வகைக் கற்றல்

பாவ்லோவின் பெயரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். ரஷ்ய நாட்டு உடலியல் அறிஞரான இவர், உணவு செரிக்கும் முறையை ஆராய்ந்ததற்காக 1904-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். உணவு வாயில் பட்டால் நாய்க்கு உமிழ்நீர் சுரப்பது இயற்கை. ஆனால் அவருடைய ஆய்வுக்கூடத்து நாய்களுக்கு, உணவு கொண்டுவருபவரைக் கண்டதுமே உமிழ்நீர் சுரந்தது. இதை அவர் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். மணியடித்துச் சோதித்தார் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். உண்மையில் அவர் மிகுதியாகப் பயன்படுத்தியவை தாளக்கருவி, மின்சார ஒலிப்பான் போன்றவையே. (எங்கள் மணிக்கும் பாவ்லோவின் மணிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை, என் தாயார் பாவ்லோவைப் படித்தவர் அல்லர்.) உணவோடு தொடர்பில்லாத ஓர் ஒலி, உணவுக்குச் சற்று முன்னால் திரும்பத் திரும்பக் கேட்டால், அந்த ஒலியே உமிழ்நீரைச் சுரக்கச் செய்யும். உங்கள் வீட்டு நாய் பிஸ்கட் டப்பா திறக்கும் ஓசைக்கு ஓடிவருவது இந்த வகைக் கற்றல்தான்.

தெருவில் பிறந்த நாய் இதே வகையில் வேறு சிலவற்றையும் கற்றிருக்கும். என் மனைவி துடைப்பத்தை எடுக்கக் குனிந்தால் போதும், மணி கட்டிலுக்கு அடியில் மறைந்துவிடும். யாரும் அதை எங்கள் வீட்டில் அடித்ததில்லை. ஆனால் தெருவில் ஒரு மனிதன் குனிந்தால் அடுத்து வருவது பெரும்பாலும் கல்! குனிதல் என்ற காட்சியும் வலியும் அதன் மூளையில் ஒன்றாக முடிச்சிடப்பட்டிருக்கின்றன போலும். இந்த முடிச்சை அவிழ்க்கவும் பாவ்லோவின் வழியே உதவும். துடைப்பத்தைத் தொலைவில் சார்த்தி வைத்து, நாய் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு துண்டு அவித்த முட்டை கொடுக்க வேண்டும். நாளுக்கு நாள் துடைப்பத்தைச் சிறிது அருகில் கொண்டுவர வேண்டும். அவசரம் கூடாது. நாய் உணவை மறுத்து ஒதுங்கினால் மிக அருகில் வந்துவிட்டோம் என்று பொருள்.

இரண்டாவது வகைக் கற்றலை ஆராய்ந்தவர் அமெரிக்கரான தார்ன்டைக். 1898-இல் இவர் பூனைகளை மரப்பெட்டிகளில் அடைத்து, கயிற்று வளையத்தை இழுத்தால் கதவு திறக்குமாறு அமைத்தார். வெளியே உணவு இருந்தது. பூனை கத்தும், பிறாண்டும், குதிக்கும். தற்செயலாக ஒரு தடவை வளையத்தை இழுத்துவிடும். மீண்டும் மீண்டும் அடைத்தபோது, பயனற்ற செயல்கள் குறைந்து பயன் தந்த செயல் விரைவில் வந்தது. நல்ல விளைவைத் தந்த செயல் வலுப்பெறும் என்ற இக்கருத்துக்குப் பின்னர் அவர் 'விளைவு விதி' என்று பெயரிட்டார்.

இப்போது மணியைப் பாருங்கள். மாலையில் என் மகள் பள்ளியிலிருந்து வருகிறாள். மணி பாய்கிறது. அவள் சிரிக்கிறாள், கத்துகிறாள், இரண்டு கைகளாலும் அதைத் தள்ளுகிறாள். நமக்கு அது கண்டிப்பு. நாள் முழுவதும் தனியே படுத்திருந்த நாய்க்கோ அது விளையாட்டு! அதன் முகத்தைப் பார்த்துப் பேசி, கையாலும் தொட்டுவிட்டோம். பாய்ந்தால் பலன் உண்டு என்பது உறுதியாகிவிட்டது.

பாட்டியின் இட்லித் துண்டு

ஆகவே, மணி பாய்ந்தால் யாரும் அதைப் பார்க்கவோ பேசவோ தொடவோ கூடாது, சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும் என்று வீட்டில் முடிவு செய்தோம். நான்கு கால்களும் தரையில் பட்டால் உடனே கவனிப்பு. அதேபோல, சாப்பிடும்போது அருகில் வந்து குரைத்தால் எதுவும் கொடுப்பதில்லை.

என் மகள் ஒவ்வொரு நாளும் பாய்ச்சல்களை எண்ணி வரைபடத்தாளில் குறித்துவந்தாள். முதல் மூன்று நான்கு நாட்கள் கோடு கீழே இறங்காமல் மேலே ஏறியது! 'பார்த்தாயாடா, இன்னும் மோசமாகிவிட்டது' என்றார் என் தாயார். உண்மையில் இது எதிர்பார்க்க வேண்டிய ஒன்றுதான். நீங்கள் அறைக்குள் நுழைந்து சுவிட்சைத் தட்டுகிறீர்கள், விளக்கு எரியவில்லை. உடனே திரும்பிவிடுகிறீர்களா? டக் டக்கென்று நான்கைந்து முறை, முன்னைவிட வேகமாகத் தட்டிப் பார்ப்பீர்கள். அதன் பிறகே கைவிடுவீர்கள். இதுவரை பலன் தந்த செயல் திடீரெனப் பலனற்றுப் போனால், மறைவதற்கு முன் அது ஒருமுறை பொங்கி எழும். அந்தப் பொங்கலின் உச்சியில் மனம் இளகி நாயைக் கொஞ்சிவிட்டால், இன்னும் உயரமாகப் பாய வேண்டும் என்றுதான் அதற்குக் கற்றுக்கொடுத்தவர்கள் ஆவோம்.

ஆறாம் நாளிலிருந்து பாய்ச்சல் கோடு இறங்கியது. ஆனால் சாப்பாட்டு நேரக் குரைப்பு மட்டும் அசையவில்லை. காரணம் விரைவில் தெரிந்தது. மற்றவர்கள் பார்க்காதபோது பாட்டி ஓர் இட்லித் துண்டைக் கீழே போட்டுவிடுவார். தினமும் அன்று, எப்போதாவது. 'பாவம், வாயில்லா ஜீவன்' என்பது அவர் வாதம்.

எப்போதாவது ஒரு துண்டுதானே, அதனால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் வியப்பான செய்தி இருக்கிறது. ஸ்கின்னர், ஃபெர்ஸ்டர் என்ற இரு அமெரிக்க உளவியல் அறிஞர்கள், பரிசு எவ்வப்போது கிடைத்தால் செயல் எப்படி அமையும் என்பதைப் புறாக்களைக்கொண்டு விரிவாக ஆராய்ந்து 1957-இல் ஒரு பெரிய நூலாக வெளியிட்டனர். ஒவ்வொரு முறையும் பரிசு பெற்றுவந்த உயிரி, பரிசு நின்றதும் விரைவில் செயலைக் கைவிடுகிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் இடையிடையே பெற்றுவந்த உயிரியோ நெடுநேரம் விடாமல் முயல்கிறது. மீண்டும் சுவிட்சுக்கு வருவோம். எப்போதும் ஒழுங்காக எரிந்த விளக்கானால் ஐந்தாவது தட்டலில் விட்டுவிடுவீர்கள். உள்ளே கம்பி தளர்ந்து, சில தட்டலுக்கு எரிந்தும் சில தட்டலுக்கு எரியாமலும் இருக்கும் பழைய சுவிட்சானால், இருபது முறைகூடத் தட்டிக்கொண்டிருப்பீர்கள் அல்லவா? லாட்டரிச் சீட்டு வாங்குபவர் விடாமல் வாங்குவதும் இதனால்தான். வீட்டில் நால்வர் கண்டித்து ஒருவர் எப்போதாவது கொடுத்தால், குரைப்பு நால்வருக்கு ஒருவர் என்ற கணக்கில் குறைவதில்லை. மாறாக எளிதில் அழிக்க முடியாதபடி உறுதிப்படுகிறது.

பாட்டியிடம் கொடுக்காதீர்கள் என்று சொல்வது வீண். நாயைவிட மனிதரை மாற்றுவது கடினம் என்பது என் அனுபவம்! நாங்கள் செய்தது வேறு. கொடுக்கும் உரிமையை அவருக்கே கொடுத்தோம். ஆனால் மணி உட்கார்ந்திருந்தால் மட்டுமே. (துண்டில் சாம்பார் வெங்காயம் ஒட்டியிருக்கக் கூடாது, வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு நஞ்சு.)

உட்காரக் கற்பிப்பது எளிது. முட்டைத் துண்டை நாயின் மூக்குக்கு அருகே பிடித்து மெல்ல மேலும் பின்னும் கொண்டுபோனால், தலை உயரும். பின்பகுதி தானே தரையில் அமரும். அந்தக் கணத்தில் துண்டைக் கொடுக்க வேண்டும். தாமதம்தான் இதில் பெரிய எதிரி. நாய் உட்கார்ந்தபின் நாம் அலமாரியைத் திறந்து துண்டை எடுப்பதற்குள் அது எழுந்து நின்றுவிடும். அப்போது கொடுத்தால் எழுந்ததற்கே பரிசு! இதற்கு ஸ்கின்னர் 1951-இல் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் ஓர் எளிய வழி சொன்னார். அழுத்தினால் 'டிக்' என்று ஒலிக்கும் தகரப் பொம்மை ஒன்றை எடுத்துக்கொண்டு, முதலில் ஒலியையும் உணவையும் சேர்த்துப் பழக்க வேண்டும். பிறகு சரியான செயல் நிகழும் கணத்தில் ஒலி. உணவு ஒரு நொடி கழித்து வந்தாலும் பரவாயில்லை. பாவ்லோவின் கற்றல் தார்ன்டைக்கின் கற்றலுக்கு இங்கே துணை நிற்கிறது. பொம்மை கிடைக்காவிட்டால் நாக்கால் 'டக்' என்று ஒலிக்கலாம். 'உட்கார்' என்ற சொல்லை நாய் செயலைப் புரிந்துகொண்ட பின்பே சேர்க்க வேண்டும். அதிலும் ஒருவர் 'உட்கார்', ஒருவர் 'உக்காரு', ஒருவர் 'சிட்' என்றால் நாய் மூன்று பாடங்கள் படிக்க வேண்டியிருக்கும்.

உட்கார்ந்திருக்கும் நாய் அதே நேரத்தில் பாய முடியாது. இதுதான் எங்களுக்கு வேண்டியது. தை மாதம் முடிவதற்குள் பாட்டியின் கைத்தடி ஓசை கேட்டதும் மணி தானாகவே உட்காரத் தொடங்கியது.

கயிற்றில் இயற்பியல்

நான் இயற்பியல் ஆசிரியன். கயிற்றைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. 2 மீட்டர் கயிற்றில் நடந்துவரும் 15 கிலோ நாய், பூனையைக் கண்டு நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று கொள்வோம். அதன் உந்தம் 75 அலகுகள். கயிறு திடீரென விறைத்து 0.1 நொடியில் நாய் நின்றால், சராசரி விசை 750 நியூட்டன். அதாவது ஏறத்தாழ 75 கிலோ பொருளின் எடை! கழுத்துப் பட்டையானால் அவ்வளவும் குரல்வளைமேல். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி உங்கள் தோளுக்கும் பங்கு உண்டு. கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னிழுப்பதுபோல, நீங்கள் கையை நீட்டி இரண்டடி கூடவே நகர்ந்து 0.5 நொடியில் நிறுத்தினால் விசை 150 நியூட்டனாகக் குறையும். மார்பைச் சுற்றிக் கட்டும் அகலப் பட்டை இன்னும் நல்லது. நாய் இழுக்கும்போது பின்னாலேயே ஓடாதீர்கள். இழுத்தால் முன்னேறலாம் என்று கற்றுவிடும். மரம்போல் நின்று, கயிறு தளர்ந்ததும் நடவுங்கள்.

தெருநாய்க்கு அறிவு குறைவு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவின் குழுவினர், எந்தப் பயிற்சியும் பெறாத 160 தெருநாய்களின் முன் இரு கிண்ணங்களை வைத்து ஒன்றைக் கையால் சுட்டிக்காட்டினர். ஏறத்தாழப் பாதி நாய்கள் கிட்டவே வரவில்லை. துணிந்து வந்தவற்றில் சுமார் 80 விழுக்காடு, காட்டிய கிண்ணத்துக்கே சென்றன. 2020-இல் வெளியான முடிவு இது. அதே குழுவினர் 2017-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், அறிமுகமில்லாதவர் திரும்பத் திரும்ப வந்து தடவிக்கொடுப்பது, உணவளிப்பதைவிட அந்நாய்களிடம் மிகுந்த நம்பிக்கையை வளர்த்தது. அடித்துப் பழக்கினால் நடப்பது நேர்மாறு. அடிப்பவரைக் கண்டு ஒதுங்கவே நாய் கற்கிறது.

பழக்கத் தொடங்குமுன் வெறிநாய்க்கடித் தடுப்பூசி கட்டாயம். நாயின் பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினால், தடுப்பூசி போட்ட நாயானாலும், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

உங்கள் வீட்டிலும் நாய் இருந்தால் ஒரே ஒரு பழக்கத்தை எடுத்துக்கொண்டு மூன்று வாரம் எண்ணிப் பாருங்கள். கிடை அச்சில் நாள், நிலை அச்சில் எண்ணிக்கை. விருந்தினர் வந்த நாட்களை வேறு நிறத்தில் குறியுங்கள். எங்கள் வரைபடத்தில், பொங்கலுக்கு என் தங்கையின் பிள்ளைகள் மூவரும் வந்திருந்த இரண்டு நாட்கள் மட்டும் தாளின் விளிம்பைத் தொடுகின்றன.