₹8,500-க்கு ஒரு மடக்குக் கத்தி: கடலோரத்தில் இருப்பவர்கள் வாங்கலாமா?

பெரிய முதலியார்சாவடியில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் பழகிப்போயிருக்கும். ஜன்னல் கம்பிக்கு இந்த வருஷம் பெயின்ட் அடித்தால், அடுத்த வருஷமே ஓரத்தில் செம்பழுப்பு எட்டிப் பார்க்கும். பைக் செயின், கேட் தாழ்ப்பாள், மொட்டை மாடி டேங்க்கின் நட்டு போல்ட்டு எதையும் உப்புக்காத்து விட்டுவைப்பதில்லை. இதே கடற்கரையில் கொஞ்சம் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். உப்பு விளைகிற காற்றில்தான் நம் வீட்டு இரும்பும் மூச்சு விடுகிறது.

அந்த ஊரில் இருந்துகொண்டு, கையால் செய்த ஒரு மடக்குக் கத்தி மீது எனக்கு ஆசை வந்துவிட்டது. கைவினைப் பொருள் விற்கும் ஒரு கடையில் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, மரப்பிடி, அலகு முழுக்கத் தண்ணீர் அலை மாதிரி கோடுகள். விலை ₹8,500. வீட்டில் சொன்னதும் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "அது என்ன, வெங்காயத்தைத் தானே உரிக்குமா?"

நியாயமான கேள்விதான். ஒரு மாத வாடகை அளவுக்குப் பணம் கொடுத்தால், அந்தப் பணம் கத்தியில் எங்கே போகிறது? நம் ஊர்க் காற்றில் அது எத்தனை நாள் தாங்கும்? தெரிந்துகொள்வோம்.

விலை ஏன் இவ்வளவு?

சமையல் கத்தி என்றால் அலகும் பிடியும் இருந்தால் போதும். மடக்குக் கத்தி அப்படி இல்லை. அலகு, அதைத் தாங்கும் இரண்டு உலோகப் பட்டைகள், பின்பக்க ஸ்பிரிங் அல்லது பூட்டு, கீலில் ஓடும் ஆணி, வெளியே மரமோ கொம்போ எனப் பல பாகங்கள். எல்லாம் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். மூடும்போது அலகு நடுவில் உட்கார வேண்டும். திறந்தால் ஆடக் கூடாது. அரத்தால் ராவி, பொருத்திப் பார்த்து, கழற்றி, மறுபடி ராவும் வேலை இது. விலையில் பெரும்பகுதி இந்த உழைப்புக்குத்தான் போகிறது.

அப்படியானால் விலை கூடினால் நன்றாக வெட்டுமா? அப்படிச் சொல்ல முடியாது. பிரான்ஸின் சவோய் பகுதியில் 1890-ல் ஜோசப் ஒபினெல் வடிவமைத்த மரப்பிடிக் கத்தி இன்றும் தொழிற்சாலையில் தயாராகிறது. மெல்லிய அலகு, கழுத்தில் ஒரு வளையப் பூட்டு, அவ்வளவுதான். ஆப்பிள் நறுக்குவதில் அது பல விலை உயர்ந்த கத்திகளுக்குச் சளைத்ததல்ல. வெட்டும் திறனைத் தீர்மானிப்பவை மூன்று: எஃகின் வகை, அதைச் சூடாக்கிக் குளிர்வித்த பக்குவம், கூர் எவ்வளவு மெல்லியது என்பது.

இதில் நடுவில் இருப்பதுதான் கண்ணுக்குத் தெரியாதது. எஃகைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் கண்ணாடி போலக் கடினமாகிவிடும். கீழே விழுந்தால் உடையும். அதனால் மறுபடி சுமார் 150 முதல் 200 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, அந்த முரட்டுத்தனத்தைக் கொஞ்சம் குறைப்பார்கள். இதைச் சரியாகச் செய்தால் பெரும்பாலான நல்ல கத்திகளின் கடினம் ராக்வெல் அளவில் 56-லிருந்து 62-க்குள் வரும். குறைந்தால் சீக்கிரம் மொக்கையாகும். கூடினால் விளிம்பு சிதறும்.

அந்த அலைக்கோடு 'டமாஸ்கஸ்' எஃகா?

கடைகளில் அதிகம் காதில் விழும் சொல் இது. இதற்குள் ஒரு தமிழ்க்கதை இருக்கிறது.

பழைய டமாஸ்கஸ் வாள்களுக்கான எஃகு பெருமளவில் தென்னிந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் போனது. களிமண் மூசைக்குள் இரும்பையும் கரிப்பொருளையும் வைத்து உருக்கி எடுத்த உயர்கார்பன் எஃகு. ஆங்கிலத்தில் அதற்கு 'வூட்ஸ்' என்று பெயர். கன்னடத்தின் 'உக்கு', தமிழின் 'உருக்கு' ஆகியவற்றோடு தொடர்புடைய சொல் அது. நொய்யல் கரையில் உள்ள கொடுமணலில் இந்தத் தொழிலின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. நமக்கு இன்னும் பக்கத்தில், பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மேல்சிறுவளூரில் வூட்ஸ் உருக்கிய இடம் ஒன்றை ஆய்வாளர் சாரதா ஸ்ரீனிவாசன் 1994-ல் பதிவுசெய்தார். முதலியார்சாவடியும் அதே தென்னார்க்காட்டில் இருந்த ஊர்தான்.

லண்டனில் கத்தி செய்துவந்த ஜேம்ஸ் ஸ்டோடார்ட் இந்த எஃகின் ரசிகர். மின்சார ஆய்வுகளுக்காக நாம் அறிந்த மைக்கேல் ஃபாரடே, கொல்லர் ஒருவரின் மகன். அவரும் ஸ்டோடார்ட்டும் சேர்ந்து 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வூட்ஸின் ரகசியத்தைக் கண்டுபிடிக்க முயன்றார்கள்.

சரி, கடையில் இருக்கும் கத்தி அந்த எஃகா? பெரும்பாலும் இல்லை. இன்று 'டமாஸ்கஸ்' என்று விற்பது, இரண்டு வகை எஃகுத் தகடுகளை அடுக்கி, காய்ச்சி, அடித்து ஒட்டியது. பிறகு அமிலத்தில் நனைத்தால் ஒரு எஃகு கறுக்கும், நிக்கல் கலந்த மற்றொன்று வெளுப்பாக நிற்கும். அதுதான் அந்த அலை. இது ஏமாற்று வேலை அல்ல, நிஜமான கைத்திறன்தான். ஆனால் கோடு அழகாக இருப்பதால் கூர் அதிகம் என்று அர்த்தமில்லை. அலகின் முதுகையும் பாருங்கள். கோடுகள் அங்கும் தொடர்ந்தால் அடுக்கு எஃகு. பக்கவாட்டில் மட்டும் இருந்தால் மேலே பொறித்த டிசைனாக இருக்கலாம்.

நம் ஊர்க் காற்று என்ன செய்யும்?

கடலோர வாசகர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இதுதான்.

கையால் அடித்த கத்திகள் பலவும் உயர்கார்பன் எஃகு. சாணை பிடிப்பது சுலபம், நல்ல கூர் வரும், ஆனால் துருப்பிடிக்கும். அடுக்கு டமாஸ்கஸும் பெரும்பாலும் இதே ரகம். அமிலத்தால் அரித்த அதன் மேடு பள்ளங்களில் ஈரம் இன்னும் நன்றாகத் தங்கும்.

'ஸ்டெயின்லெஸ்' என்று சொல்ல எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும். அது மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தை உருவாக்கி இரும்பைக் காக்கிறது. உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தையே துளைக்கும். அதனால்தான் கடலோரத்தில் ஸ்டெயின்லெஸ் கூடப் புள்ளி புள்ளியாகக் கறுக்கிறது. கார்பனைக் குறைத்து நைட்ரஜன் சேர்த்த எச்1, எல்சி200என் போன்ற எஃகுகள் உப்பை நன்றாகத் தாங்கும். ஆனால் உலையில் அடித்துச் செய்யும் சிறு பட்டறைகளில் அவற்றைப் பார்ப்பது அரிது.

அலகில் துரு வந்தால் தேய்த்துவிடலாம். கீலுக்குள் வந்தால்? இதை நான் அனுபவித்திருக்கிறேன். முன்பு வாங்கிய ஒரு மலிவு விலை மடக்குக் கத்தியை, கடற்கரையில் மாங்காய் நறுக்கிவிட்டு அப்படியே பைக்குள் போட்டுவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அது திறக்கவே இல்லை. ஆணி அடித்து மூடிய கீல் என்பதால் கழற்றிச் சுத்தம் செய்யவும் வழியில்லை. நேராகக் காயலான் கடைக்குப் போனது.

நம் ஊரில் வெட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களைப் பாருங்கள். மீன் வெட்டும் அக்கா கையிலும், இளநீர் சீவும் அண்ணன் கையிலும் மடக்குக் கத்தி இருக்காது. மடியாத அலகு, கழுவித் துடைத்தால் முடிந்தது. கீல் இல்லாத இடத்தில் உப்புக்கு ஒளிய இடமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் ஆயுதப் பட்டியலில் வரும். வீட்டு, விவசாய, அறிவியல், தொழில் பயன்பாட்டுக்காகச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. சட்டைப்பைக் கத்தி இந்த அளவைத் தொடாது. ஆனால் பட்டனை அழுத்தினால் பாயும் ரகம் வேறு விஷயம்; டெல்லியில் 1980-லேயே அதற்குத் தனி அறிவிக்கை வந்துவிட்டது. விமானத்தில் எந்தக் கத்தியும் கைப்பையில் கூடாது, செக்-இன் பெட்டியில்தான் போக வேண்டும்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

* எஃகின் பெயர் என்ன? 'நல்ல ஸ்டீல்', 'டமாஸ்கஸ்' என்பது பதில் அல்ல.
* எந்த வெப்பத்தில் பக்குவப்படுத்தினீர்கள், கடினம் எவ்வளவு? செய்தவருக்குத் தெரிந்திருக்கும்.
* கீல் ஸ்க்ரூவா, அடித்த ஆணியா? கடலோரத்தில் ஸ்க்ரூதான் நல்லது.
* ஆடினாலோ துருப்பிடித்தாலோ நீங்களே சரிசெய்து தருவீர்களா? கைவேலைக்குக் கூடுதல் காசு கொடுப்பதன் உண்மையான பலன் இதில்தான் இருக்கிறது.

வாங்கிவிட்டால்: பயன்படுத்தியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். கீலில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுபிசுக்கும், கீலுக்கு வேண்டாம். தோல் உறைக்குள் வைத்து மூடிவிடாதீர்கள்; தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

கடைசியில், வாங்கலாமா?

கணக்கு எளிது. ₹8,500 கத்தி 10 வருஷம் உழைத்தால் மாதம் சுமார் ₹70. தினமும் கையில் எடுப்பவருக்கு அது நியாயமான விலை. அலமாரியில் வைத்துப் பார்ப்பவருக்கு, உப்புக்காத்து அந்தக் கணக்கை மாற்றி எழுதிவிடும்.

நான் மறுபடி அந்தக் கடைக்குப் போய், செய்தவரிடமே கேட்டேன். எஃகின் பெயரைத் தயங்காமல் சொன்னார், உயர்கார்பன்தான். பக்குவப்படுத்திய விதத்தையும் விளக்கினார். கீல்? ஆணி அடித்தது, கழற்ற வராது என்று ஒளிக்காமல் சொன்னார். அந்த நேர்மையால் அவர் வேலை மீது மரியாதை கூடியது. ஆனாலும் கத்தியைத் திரும்ப வைத்துவிட்டேன். ஸ்க்ரூ வைத்து ஒன்று செய்தால் சொல்லுங்கள் என்று போன் நம்பர் கொடுத்திருக்கிறேன். அதுவரை அம்மாவின் பழைய கத்திக்கு நான்தான் சாணை.