அனுப்பிய மருந்து சேர்ந்ததா? ஒப்படைப்புக் கணக்கு பற்றிச் சில செய்திகள்



சரக்கை அனுப்பிவிட்டோம் என்பது வேறு, சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது என்பது வேறு. மண்டியில் பத்து மூட்டை ஏற்றி, கடையில் ஒன்பது மூட்டை இறங்கினால் வண்டிக்காரர், கடைப்பையன், கணக்குப்பிள்ளை என எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வதை நாம் கண்டிருக்கிறோம். மளிகைச் சரக்கில் அந்த நஷ்டம் பணத்தோடு போய்விடும். மருந்தில் அப்படி இல்லை. அமெரிக்காவில் மருந்துக் கடைகளிலிருந்து முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு மருந்து எப்படிப் போகிறது, அது தவறாமல் சேர எப்படிக் கணக்கு வைக்கிறார்கள் என்பதை இங்கே விளக்க விரும்புகிறேன். நான் மளிகை மொத்த வியாபாரி, மருந்து வியாபாரி அல்ல. ஆனாலும் சரக்கு கை மாறும் விஷயத்தில் நமக்கும் அதில் பாடம் உண்டு.

முதலில் ஒரு விளக்கம். நம் ஊரில் நர்சிங் ஹோம் என்றால் சிறிய தனியார் மருத்துவமனை. அமெரிக்காவில் அப்பெயர், வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத முதியவர்களும் நீண்டநாள் நோயாளிகளும் தங்கும் இல்லத்தைக் குறிக்கும். அங்கே இத்தகைய இல்லங்கள் ஏறத்தாழ 15,000 உள்ளன. சுமார் 12 லட்சம் பேர் அவற்றில் வாழ்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தினமும் பல வகை மாத்திரைகள். பெரும்பாலான இல்லங்களில் சொந்த மருந்துக் கடை கிடையாது. இதற்கென்றே உள்ள மொத்த மருந்தகங்களோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்கிறார்கள். மருந்தகம் பல மைல் தூரத்தில் இருக்கும். தினமும் வண்டி வரும். பல இடங்களில் இரவில்தான் வரும்.

சீட்டிலிருந்து படுக்கை வரை

மருத்துவர் மருந்து எழுதியதும் இல்லத்து நர்ஸ் அதை மருந்தகத்துக்கு அனுப்புகிறார். மருந்தாளுநர் சரிபார்த்த பிறகு, நோயாளி ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக மாத்திரை அட்டை தயாராகிறது. ஒரு குழிக்கு ஒரு மாத்திரை. எத்தனை மாத்திரை எடுத்தாகிவிட்டது என்பது பார்த்த பார்வையிலேயே தெரியும். இந்த அட்டைகளைப் பெட்டியில் அடுக்கி, சீல் வைத்து, பட்டியல் போடுகிறார்கள். நாம் போடும் டெலிவரி சலான் போன்றதுதான் அது. நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கும். நோயாளியின் விவரம் வெளியார் கண்ணில் படக்கூடாது என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருப்பதால் அந்தப் பட்டியலையும் கண்ட இடத்தில் போட்டுவைக்க முடியாது.

பெட்டி ஓட்டுநர் கைக்கு வரும்போது ஒரு பதிவு. இல்லத்தில் நர்ஸ் வாங்கும்போது ஒரு பதிவு. மணி, தேதி, வாங்கியவர் பெயர், கையெழுத்து இவை கட்டாயம். இப்போது பல மருந்தகங்களில் ஓட்டுநர் கையில் உள்ள சிறு கருவியே பெட்டியின் பார்கோடைப் படித்து, கையெழுத்தையும் வாங்கி, அந்த நிமிடமே மருந்தகத்துக்குத் தெரிவித்துவிடுகிறது. இன்சுலின் போன்றவை 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கவேண்டும் என்பதால் தனிப் பெட்டியில் போகும். அதை வாங்கி மேசைமேல் வைத்துவிட்டு மறந்தால் கையெழுத்து இருந்தும் பயனில்லை.

பார்கோடு நம் தொழிலிலிருந்து போனது

மளிகைக்காரர்கள் பெருமைப்பட ஒரு செய்தி. பார்கோடு முதன்முதலில் விற்பனைக்காகப் படிக்கப்பட்டது 1974 ஜூன் 26 அன்று, ஒஹையோ மாநிலம் டிராய் என்ற ஊரின் ஒரு பலசரக்குப் பேரங்காடியில்தான். படிக்கப்பட்ட சரக்கு ஒரு சூயிங்கம் பொட்டலம். மருந்துப் பொட்டலங்களில் பார்கோடு வேண்டும் என்று அமெரிக்க அரசு விதி செய்தது அதற்கு முப்பது ஆண்டு கழித்து, 2004இல். 2013இல் வந்த இன்னொரு சட்டம், தயாரிப்பாளரிடமிருந்து மொத்த வியாபாரி வழியாக மருந்துக் கடை வரை ஒவ்வொரு பொட்டலத்தையும் வரிசை எண் வைத்துத் தொடரச் சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் வரிசைக் கணக்கு மருந்துக் கடையோடு நின்றுவிடுகிறது. கடையிலிருந்து நோயாளியின் படுக்கை வரை உள்ள கடைசித் தூரத்துக்கு மருந்தகமும் ஓட்டுநரும் நர்ஸும் வைக்கும் கணக்குத்தான் காவல்.

வலி மருந்துக்குத் தனிக் கணக்கு

மார்ஃபின், ஆக்ஸிகோடோன் போன்ற கடும் வலி மருந்துகளை 1970ஆம் ஆண்டுச் சட்டம் தனி அட்டவணையில் வைத்திருக்கிறது. போதைக்காகத் திருடப்படும் மருந்துகள் இவை. ஆகவே இவற்றைப் பெட்டிக் கணக்கில் வாங்குவதில்லை. ஒவ்வொன்றாக எண்ணித்தான் கையெழுத்துப் போடுகிறார்கள். வந்த எண்ணிக்கை, கொடுத்த எண்ணிக்கை, மீதி ஆகிய மூன்றும் ஒத்துப்போகும்படி ஏடு வைக்கும் முறையை ஒரு மருந்தாளுநர் அமைத்துத் தரவேண்டும் என்பது மத்திய அரசு விதி. தனிப் பூட்டு உள்ள, பெயர்த்தெடுக்க முடியாத அறைப்பெட்டியில் வைக்கவேண்டும். முறை மாறும்போது போகிற நர்ஸும் வருகிற நர்ஸும் சேர்ந்து நின்று எண்ணிக் கையெழுத்திடுவது வழக்கம். நம் கடைகளில் மாலையில் கல்லாவை எண்ணி ஒப்படைப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மருந்தகத்தில் திருட்டோ பெரிய குறைவோ தெரிந்தால் ஒரே வேலை நாளுக்குள் அரசுக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும்.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று கேட்கலாம். இரண்டு மாத்திரை குறைந்தால் அதன் விலை சொற்பம். ஆனால் புற்றுநோயில் துடிக்கும் ஒரு மூதாட்டிக்கு அன்றிரவு மருந்து இல்லை. பார்க்கின்சன் நோயாளிக்கு மாத்திரை நேரம் தவறினால் உடல் விறைத்து அசைய முடியாமல் போகும். இன்னொன்றும் உண்டு. எந்தக் கையில் குறைந்தது என்று தெரியாவிட்டால் ஓட்டுநர் மீதும் நர்ஸ் மீதும் சந்தேகம் விழும். ஒழுங்கான ஏடு குற்றவாளியைக் காட்டிக் கொடுப்பதோடு, குற்றமற்ற கூலிக்காரரையும் காப்பாற்றுகிறது.

தவறு நேரும் இடங்கள்

நர்ஸுக்கு வேலை மிகுதி. ஓட்டுநருக்கு அடுத்த இடத்துக்குப் போகும் அவசரம். பெட்டியைத் திறக்காமலே பட்டியலின் அடியில் கையெழுத்து விழுகிறது. அப்படியானால் அந்தக் கையெழுத்து எதற்குச் சாட்சி? மூன்று பெட்டி சீல் உடையாமல் வந்தது என்பதற்கு மட்டுமே. உள்ளே இருந்ததற்கு அது சாட்சி ஆகாது. ஆகவே நல்ல இல்லங்களில் பெட்டிக்கு ஒரு கையெழுத்து, பிறகு பிரித்துப் பார்த்து உள்சரக்குக்கு ஒரு கையெழுத்து என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள்.

சீட்டே இல்லாமல் சரக்குப் போவது இன்னொரு தவறு. ஓம்னிகேர் என்பது இத்துறையில் மிகப் பெரிய மருந்தகங்களில் ஒன்று. முதியோர் தங்கும் இல்லங்களுக்குச் செல்லுபடியாகும் மருத்துவர் சீட்டு இல்லாமலே தொடர்ந்து மருந்து அனுப்பி, அரசுக் காப்பீட்டுத் திட்டங்களிடம் பணம் கேட்டது என்று 2025 ஏப்ரலில் நியூயார்க் நீதிமன்ற ஜூரி முடிவு சொன்னது. அதே ஆண்டு ஜூலையில் ஏறத்தாழ 95 கோடி டாலர் கட்டவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. செப்டம்பரில் அந்நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரி மனுப் போட்டது. சரக்கும் போயிற்று, சேரவும் சேர்ந்தது. அனுப்பச் சொன்ன சீட்டு மட்டும் இல்லை. கணக்கில் ஒரு முனை விட்டுப்போனால் எவ்வளவு பெரிய கடைக்கும் இந்தக் கதி வரும்.

சிறு அளவாக அனுப்புதல்

முன்பெல்லாம் 30 நாள் மருந்தை ஒரே அட்டையில் அனுப்புவது வழக்கம். நோயாளி இறந்தாலோ மருத்துவர் மருந்தை மாற்றினாலோ மீதி வீண். அதனால் 2013 முதல், அரசு மருந்துக் காப்பீட்டில் வரும் பிராண்டு மாத்திரைகளை இத்தகைய இல்லங்களுக்கு ஒரு தடவைக்கு 14 நாள் அளவுக்கு மேல் தரக்கூடாது என்று விதி வந்தது. வீணாவது குறைகிறது. ஆனால் நடை கூடுகிறது, கையெழுத்தும் கூடுகிறது. அதனால்தான் ஒப்படைப்புக் கணக்கு முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

விடுதிக்கும் மெஸ்ஸுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தினமும் சரக்கு அனுப்பும் நம்மவர்கள் இதில் நான்கு பழக்கங்களை எடுத்துக்கொள்ளலாம். ஆர்டர் எழுத்தில் இல்லாமல் சரக்கு ஏற்றாதீர்கள். வாங்குபவர் பெயரும் மணியும் இல்லாத வெறும் கையெழுத்தை ஏற்காதீர்கள். ஏலக்காய், குங்குமப்பூ, முந்திரி போன்ற விலையுயர்ந்த சரக்கை மூட்டைக் கணக்கோடு சேர்க்காமல் தனியாக எடைபோட்டு ஒப்படையுங்கள். குறை இருந்தால் அன்றே, வண்டி திரும்புமுன்பே, சலானில் எழுதச் சொல்லுங்கள். மறுநாள் சொல்லும் குறைக்குச் சாட்சி கிடையாது.

இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கார்பன் வைத்த சலான் புத்தகமும் எண்ணிப் பார்க்கும் பொறுமையும் போதும். நம்மிடம் சம்பளம் வாங்கும் வண்டிக்காரர் மீதும் கடைப்பையன் மீதும் வீண்பழி விழாமல் காப்பது முதலாளியின் கடமை. அதை ஒழுங்கான சலான் செய்துவிடும் என்பது என் பணிவான கருத்து.